மீனோடு வரலாம்

எல்லாவற்றுக்கும் குளிர்தான் காரணம் என்று நம்பினேன். சிரிக்கிறவர்கள் இப்போதே எல்லாச் சிரிப்பையும் செலவழித்துவிடாதீர்கள். இதைவிடப் பெரிய முட்டாள்தனங்கள் பின்னால் வரிசையில் நிற்கின்றன.

எங்கள் சின்னத் தெரு, ஒழுங்கை என்போம், பெரிய வீதியில் போய் ஏறுகிற சந்தியில் ஒரு சுப்பர்மார்க்கெட் திறந்தார்கள். ஒழுங்கையின் நடுவில் என்னுடைய பலசரக்குக் கடை. மறுமுனையில் உள்துறைமுகத்துத் தண்ணீர். ஆக, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சுப்பர்மார்க்கெட், நடுவில் நான். எந்தப் பக்கம் விழுந்தாலும் மூழ்குவேன் என்பது அந்த நாட்களில் நான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்த வசனம். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தளதளக்க விடுவேன். ஒருவரும் அழவில்லை. ஒருவர் மட்டும், "அப்ப நீந்தப் பழகுங்கோவன்," என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார். அவருடைய கரியரில் சுப்பர்மார்க்கெட் பை இருந்தது.

பயம் எனக்குக் கைகால் வழியாக வரும். சுப்பர்மார்க்கெட் திறந்து மூன்றாம் நாள் சவுக்காரங்களை நிறவாரியாக அடுக்கினேன். நாலாம் நாள் அளவுவாரியாக அடுக்கினேன். ஐந்தாம் நாள் ஒரு வாடிக்கைக்காரி வந்து சன்லைட் சவுக்காரம் கேட்க, எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. "பரவாயில்ல, நீங்கள் ஆறுதலாத் தேடுங்கோ," என்று சொல்லி அவள் சந்திப் பக்கம் நடந்தாள். வெளிநாட்டிலிருக்கும் என் மச்சான் வாட்ஸப்பில் அனுதாபம் அனுப்பினான். "சின்னக் கடையள் எல்லா இடமும் இப்பிடித்தான் அழியுது, கவலையா இருக்கு, கடையை ஒரு படம் எடுத்து அனுப்பு, வைச்சிருப்பம்." செத்தவீட்டுக்கு முதலே படத்தைச் சட்டம் போடக் கேட்கிறான்! நான் கடைக்குப் பதிலாக, நாக்கை நீட்டிய என் முகத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பினேன். வீரமெல்லாம் அந்தப் படத்தோடு சரி. அனுப்பிவிட்டுத் திரும்பவும் சவுக்காரத்தை அடுக்கினேன்.

என் கடை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த பிழையின் பருமன் விளங்காது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பட்டியல் கொண்டு வருவதில்லை. மீன் கொண்டு வருவார்கள். காலையில் கரையிலோ சந்தையிலோ மீனை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகிற வழியில் கடை வாசலில் நின்று பையை விரித்துக் காட்டுவார்கள். "சூடை. ஆறு பேர்." அவ்வளவுதான் கதை. அதற்கு என்ன சரக்கு, எவ்வளவு புளி, வெந்தயம் எத்தனை விரல் அள்ளு, இஞ்சி வேண்டுமா உள்ளி போதுமா என்பதெல்லாம் என் பாடு. எல்லாவற்றையும் பேப்பரில் சரையாக, கூம்புப் பொட்டலமாகச் சுற்றிக் கொடுப்பேன். அந்தச் சரையை அப்படியே சட்டியில் கொட்டலாம். பாரை என்றால் ஒரு சரை, திருக்கை என்றால் வேறு சரை. மீனின் கண்ணைப் பார்ப்பேன். நேற்றைய மீன் என்றால் வாய் திறக்காமல் கொறுக்காய்ப்புளியைக் கொஞ்சம் கூட்டிவிடுவேன். வாய் திறந்தால் மீன் வாங்கினவள் திரும்பிப் போய் மீன்காரனோடு சண்டை பிடிப்பாள், அவனும் என்னிடம்தான் சாமான் வாங்குகிறான்.

இதை யாரும் பெரிய கலை என்று எழுதிவிடாதீர்கள். சோம்பல்தான். அவர்களுக்கு யோசிக்கச் சோம்பல், எனக்குப் பத்து விதமான பைக்கற்றுகளை எடுத்துக் கொடுக்கச் சோம்பல். இரண்டு சோம்பலும் சந்தித்த இடம் அந்தச் சரை.

சரி, குளிருக்கு வருவோம். அது கச்சான் காற்றுக் காலம். தரைப் பக்கமிருந்து அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு காற்று வரும், எட்டு மணிக்கே காகம் வாயைத் திறந்துகொண்டு வயரில் இருக்கும். அப்படியான ஒரு நாளில் நான் உளவு பார்க்கக் கிளம்பினேன். அடையாளம் தெரியக்கூடாது என்று ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டேன். போனது நடந்து. நடந்து போகிற மனிதன் தலையில் ஹெல்மெற் இருந்தால் ஊர் முழுவதும் திரும்பிப் பார்க்கும் என்பது சந்திக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

வாசலில் காவலுக்கு நிற்கிறவர் சல்லி என்கிற ஊர்ப் பக்கத்து ஆள், சீருடையும் தொப்பியுமாக நின்றார். உள்ளே போகிறவர்களின் பைகளை வாங்கி ஒரு தட்டில் வைத்து, நம்பர் போட்ட தகடு கொடுப்பது அவருடைய வேலை.

"அண்ணை, ஹெல்மெற்றைக் கழட்டிப்போட்டுப் போங்கோ."

கழட்டினேன்.

"அட, ஒழுங்கைக் கடை அண்ணை!" என்றார், துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்கும் கேட்கிற மாதிரி. "உங்கட கடையில இல்லாத சாமானே இஞ்ச வாங்க வந்தனீங்கள்?"

ஹெல்மெற்றுக்கு ஒரு நம்பர் தகடு தந்தார். வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

உண்மையைச் சொல்கிறேன், உள்ளே நல்லாய்த்தான் இருந்தது. வெள்ளை வெளிச்சம், மினுங்குகிற நிலம், ஒருவரும் "என்ன வேணும்" என்று கேட்காத நிம்மதி. ஒரு தட்டு முழுக்கச் சரக்குத்தூள் பைக்கற்றுகள், எல்லாம் ஒரே உயரத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல. நான் ஒன்றை எடுத்து மணந்து பார்த்தேன். பிளாஸ்ரிக் மணந்தது. அந்த நேரம் பார்த்து, பிஸ்கற் பக்கத்திலிருந்து ஒரு தள்ளுவண்டி வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் எங்கள் ஒழுங்கையில் மூன்றாம் வீட்டு ரீச்சர். ஓய்வுபெற்றவர். என்னிடம் மாதச் சாமான் வாங்குகிறவர். அந்த மாதம் வாங்காதவர்.

அவர் என்னைக் கண்டார். நான் அவரைக் கண்டேன். உடனே அவர் பிஸ்கற்றுக்குப் பின்னால் ஒளித்தார், நான் மலசலகூடத்துப் பேப்பருக்குப் பின்னால் ஒளித்தேன். ஏன் நான் ஒளித்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. குற்றவாளி அவரல்லவோ! இருவரும் ஒளித்து ஒளித்துப் போய், கடைசியில் ஐஸ்கிறீம் பெட்டியின் இரு பக்கமும் முட்டிக்கொண்டோம்.

"வாங்கோ," என்றார் ரீச்சர், தன் வீட்டு வாசலில் நிற்கிறவர் போல. "நான் சும்மா வந்தனான். இந்தக் கச்சானுக்கு வெளியில நிக்க ஏலாது. உள்ளுக்கை நல்ல குளிர், அதுக்குத்தான்."

தள்ளுவண்டி நிறையச் சவுக்காரமும் பால்மாவும் இருந்தன. அவை என் கண்ணில் படவில்லை. காதில் மட்டும் ஒரு சொல் போய் ஒட்டியது: குளிர். ஒரு நல்ல மனுசி என் மனம் நோகக்கூடாதென்று சொன்ன பொய்யை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் ஒரு பெண் காவல்காரரோடு வாதாடிக்கொண்டு நின்றாள். அவளுடைய பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "மீன் பையை வைக்க ஏலாது அக்கா, மற்றப் பையளில வடியும், எனக்குப் பேச்சு விழும்." "அப்ப உள்ளுக்குக் கொண்டு போறன்." "உள்ளுக்கும் ஏலாது." "அப்ப என்ர தலையிலயே வைக்கிறது?" நான் அவர்களைத் தாண்டி நடந்தேன். ஹெல்மெற்றை வாங்கவும் மறந்து போனேன். விடை என் காலில் வடிந்துகொண்டிருந்தது. நான் அதை மிதித்துக்கொண்டு குளிரைப் பற்றி யோசித்தேன்.

இப்போது அளவுநாடாக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். கைத்தொலைபேசி உறை, சார்ஜர், கண்ணாடி ஒட்டுதல், இதெல்லாம் விற்கிறவர். பஸ் நிலையத்தடியில் சிறிய கடை. எங்கள் இடம் அவருக்குப் பிடித்துவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை வந்து, இஞ்சிப் பிஸ்கற் ஒன்று வாங்கித் தின்றுகொண்டே அளவுநாடாவை இழுத்து எங்கள் சுவரை அளப்பார். சுவர் வாரா வாரம் வளரும் என்று நினைத்தாரோ தெரியாது. என்னிடம் கதைக்க மாட்டார். நேரே வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்து, "அக்கா இருக்கிறாவோ?" என்பார். விசயம் தெரிந்த மனிதர். வீடும் அதோடு ஒட்டிய கடைக்கட்டடமும் என் மனைவிக்குச் சீதனமாக வந்தவை. கடை என்னுடையது, அது நிற்கிற நிலம் அவளுடையது. இருபத்தெட்டு வருசமாக மனைவியின் காணியில் நின்றுகொண்டுதான் நான் ஊருக்கு வீரம் பேசுகிறேன்.

"மாசா மாசம் வாடகை தாறன் எண்டு சொல்லுறார்," என்றாள் மனைவி. "நீங்கள் சவுக்காரம் அடுக்கிறதைப் பாத்து எனக்கும் களைச்சுப் போச்சு."

"குடுக்கமாட்டன்."

"குடுக்கிறது நானெல்லோ."

"அப்ப குடுக்கவிடமாட்டன். எனக்குக் காரணம் பிடிபட்டிட்டுது. குளிர்! இந்தக் கடைக்கு ஏசி பூட்டினா ஒருத்தரும் சந்திக்குப் போகாயினம்."

 அவள் காய்ச்சலோ என்று என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு முடிவு சொன்னாள்: "கச்சான் முடியிறவரைக்கும் தவணை தாறன். காத்து மாறேக்க கடையில ஆக்கள் இல்லையெண்டா, அவருக்குக் கடைத் துறப்பைக் குடுத்திடுவன். பிறகு கதை இல்லை."

"ஓம்," என்றேன். சொல்லிவிட்டு அப்போதே ஏசி தேடக் கிளம்பினேன்.

உப்புவெளிப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு விருந்தினர் விடுதியிலிருந்து பழைய ஏசி ஒன்று கிடைத்தது. பூட்ட வந்தவர் கிண்ணியா ஊர் முஸ்லிம் நானா ஒருவர். ஏணியில் நின்று கடையை ஒருதரம் சுற்றிப் பார்த்தார், மேலே கட்டித் தொங்கிய கருவாட்டையும் பார்த்தார்.

"அண்ணன், இது ரெண்டு பேர் படுக்கிற அறைக்குள்ள மெசின். நீங்க இந்தக் கருவாட்டோட படுக்கப் போறீங்களா?"

"நீங்கள் பூட்டுங்கோ நானா."

"பூட்டுறது எனக்குப் பிரச்சினையில்ல. கதவை மூடினாத்தான் குளிர் நிக்கும். மூடினா கருவாடும் உள்ளுக்குத்தானே நிக்கும். அதத்தான் சொன்னன்."

நான் கேட்கவில்லை. இரவில் கடையின் முன்பக்கத்தை மூடுகிற ஒன்பது பலகைகளையும் கழற்றிக் கிணற்றடியில் அடுக்கிவிட்டு, அலுமினியச் சட்டம் போட்ட கண்ணாடிக் கதவு ஒன்றைப் பொருத்தினேன். 'தள்ளவும்' என்று ஒட்டினேன். ஏசியைப் போட்டேன். அது ஒருமுறை கனைத்துவிட்டு, வள்ளத்து இயந்திரம் போல வேலை தொடங்கியது. உள்ளே போய்க் கதிரையில் இருந்தேன். குளிர் வந்தது. கூடவே கருவாட்டு மணமும் வந்தது. வெயிலில் மணக்கிற கருவாடு வேறு, குளிரில் மணக்கிற கருவாடு வேறு. குளிரில் அது ஆளைத் தேடி வந்து பக்கத்தில் இருக்கும்.

முதல் வாடிக்கை ஒரு மான். எங்கள் ஊரில் மான்கள் வீதியில் மாடு போலத் திரியும், நான் எறிகிற கோவா இலைக்கு நாளும் வரும். அன்று வந்த கொம்பன் கண்ணாடியில் இன்னொரு கொம்பனைக் கண்டது. இரண்டும் ஒன்றையொன்று முறைத்தன. பிறகு ஒரு முட்டு. கதவு நின்றது, 'தள்ளவும்' மட்டும் விழுந்தது. வாழ்க்கையில் ஒருவர் நான் எழுதியதை அப்படியே செய்தது அதுதான் முதல் தரம்.

மனிதர்கள் வந்தது மெதுவாக. வந்தவர்களும் கண்ணாடிக் கதவைக் கண்டதும் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஒரு கிழவர் உள்ளே வந்து, இருக்க ஒரு வாங்கு தேடினார். வாங்கு இல்லாததால் அரிசி மூட்டையில் இருந்தார். நானும் என்ன வேண்டும் என்று கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன், சுப்பர்மார்க்கெட்டில் ஒருவரும் கேட்பதில்லையே. கொஞ்ச நேரம் கழித்து அவர், "டொக்குத்தர் எத்தினை மணிக்கு வருவார்?" என்றார். இன்னொருவர் தலையை மட்டும் நீட்டி, குரலைத் தாழ்த்தி, இங்கே நகை அடகு பிடிக்கிறீர்களா என்று கேட்டார். தெரிந்தவர்கள் நின்று பார்த்தார்கள், கண்ணாடிக்குள்ளே கஞ்சி போட்ட தலையணை உறை போல விறைத்து இருந்த என்னைக் கண்டார்கள், கையசைத்தார்கள், போனார்கள். மீன் பையோடு ஒருவரும் வரவில்லை. மீன் வராததை நான் கவனிக்கவேயில்லை. 'இந்த வருசம் கடலில் மீன் குறைவு போல' என்று மனைவியிடம் சொன்னேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு பிறந்தவன் சொன்ன வார்த்தை அது.

அளவுநாடாக்காரர் வந்தார். கண்ணாடிக் கதவைத் தடவிப் பார்த்தார். "நல்ல வேலை அண்ணை," என்றார், முதல்முறையாக என்னோடு கதைத்து. தன்னுடைய கடைக்கு நான் கதவு போட்டுத் தருகிறேன் என்ற நன்றி அவர் கண்ணில் தெரிந்தது.

பிறகு அந்தக் காலை. கச்சான் கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பின்னேரத்தில் கடல் பக்கத்துக் காற்று ஒன்றிரண்டு முறை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. எனக்கு இருந்த தவணை முடிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நான் கண்ணாடிக்குப் பின்னால், கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டு, ஊரிலேயே சளி பிடித்த ஒரே வியாபாரியாக இருந்தேன்.

கரையோரத்தில் வீடுள்ள ஒரு அக்கா வந்து வாசலில் நின்றா. புருசனும் மகன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். கலியாணம் கட்டி வந்த நாள் முதல் எங்கள் கடைக்கு வருகிறவ. கால் முழுக்க ஈர மணல். கையில் ஒரு சின்னப் பால்சுறா, வாலில் பிடித்தபடி. கண்ணாடியைப் பார்த்தா. தன் காலைப் பார்த்தா. மீனைப் பார்த்தா. உள்ளே வரவில்லை. மீனைத் தூக்கிக் கண்ணாடிக்கு நேரே காட்டினா.

நான் உள்ளேயிருந்து, "எத்தினை பேர்?" என்றேன். ஏசி போடுகிற சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. விரலை விரித்துக் கேட்டேன். அவ தலையை ஆட்டி, ஒரு கையைக் குழந்தை தாலாட்டுகிற மாதிரி ஆட்டிக் காட்டினா. சுறாவும் சேர்ந்து ஆடியது. எனக்கு விளங்கியது: மகளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. பிள்ளை பெற்ற வீட்டுச் சரக்கு வேண்டும். அதற்கு மிளகாய் கூடாது; மிளகு, நற்சீரகம், மஞ்சள், உள்ளி. ஆனால் பிள்ளை பிறந்து எத்தனை நாள் என்று தெரியாமல் கை வைக்க முடியாது. முதல் கிழமை ஒரு அளவு, பிறகு வேறு அளவு. நான் கலண்டரைக் காட்டினேன். அவ கலண்டர் வேண்டாம் என்று கையசைத்தா. கலண்டர் விற்கிறேன் என்று நினைத்திருக்கிறா. நான் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினேன். என் சால்வை விழுந்தது. அவ ஒருதரம் சிரித்தா, பிறகு முகம் மாறியது. நான் ஏதோ பகிடி விடுகிறேன் என்று பட்டிருக்கவேண்டும். மீனைக் கீழே இறக்கிக்கொண்டு சந்திப் பக்கம் நடந்தா.

நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். கதவுக்கும் எனக்கும் நாலு அடி. எழும்பிப் போய்த் திறந்திருக்கலாம். குளிர் போய்விடுமே என்று யோசித்தேன். ஓம், அதைத்தான் யோசித்தேன்.

மனைவி குசினிப் பக்கமிருந்து வந்தாள். "அக்கா என்னத்துக்கு வந்தவ?"

"பிள்ளைப்பெத்த சரக்குக்கு."

"குடுத்தனீங்களோ?"

"அவ உள்ளுக்கு வரேல்ல."

"மீனோட எப்பிடியப்பா வாறது? ஆஸ்பத்திரி மாதிரிச் செய்து வைச்சிருக்கிறியள்!" பிறகு அவள் குரல் தணிந்தது. அது கத்துவதைவிட மோசம். "பிள்ளை பெத்தவளுக்குச் சாப்பாடு பிந்துதெண்டு ஒரு தாய் ரோட்டில நிக்கிறா. நீங்கள் போர்த்துக்கொண்டு இருக்கிறியள்."

ஓடினேன். சால்வை தோளில், ஒரு கையில் தராசுப் படிக்கல், ஏன் எடுத்தேன் என்று தெரியாது. சந்தியில் சுப்பர்மார்க்கெட் வாசலில் அக்கா நின்றா. காவல்காரர் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

"அக்கா, வைக்கவும் ஏலாது, கொண்டு போகவும் ஏலாது. நான் என்ன செய்ய? ஒழுங்கைக் கடைக்குப் போங்கோவன்."

"அது கடையில்ல, இப்ப கண்ணாடிப் பெட்டி. அந்தாள் உள்ளுக்கையிருந்து கூத்தாடுது."

"அக்கா!" என்றேன், மூச்சு வாங்க. "எத்தினை நாள்?"

"என்னது?"

"பிள்ளை பிறந்து எத்தினை நாள்?"

"ஒம்பது."

"தாய்க்குக் காய்ச்சல், கீய்ச்சல்?"

"இல்லை. பால்தான் காணாது." அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. "இதைத்தானே முதலே கேட்டிருக்கலாம். எதுக்கு அந்தச் சால்வையைக் கழட்டிக் காட்டினனீர்?"

காவல்காரர் உள்ளே போய், பல வாரமாக அங்கே கிடந்த என் ஹெல்மெற்றைக் கொண்டுவந்து நீட்டினார். "இதையும் கொண்டு போங்கோ அண்ணை. ஒவ்வொரு நாளும் துடைச்சு வைக்கிறன். காலமை வாற மீன் பைக்காரர் எல்லாருக்கும் உங்கட கடையைத்தான் காட்டினனான். போனவை திரும்பி வந்து, பூட்டியிருக்கு எண்டு சொல்லுகினம்."

அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. சுப்பர்மார்க்கெட்டில் அல்ல. பல வாரமாக அதன் வாசல்காரரே எனக்கு ஆள் பிடித்து அனுப்பியிருக்கிறார், நான் கண்ணாடி போட்டுத் தடுத்திருக்கிறேன். அழிகிறது, அழிகிறது என்று மச்சான் முதல் மான் வரைக்கும் சொல்லித் திரிந்தேன். அழித்துக்கொண்டிருந்தது நான்.

அக்காவும் நானும் ஒன்றாகத் திரும்பி நடந்தோம். அவ கையில் சுறா, என் கையில் ஹெல்மெற். கடை வாசலில் நின்று, "நான் உள்ளுக்கு வரேல்ல," என்றா. "வரவேண்டாம்," என்றேன். தராசை வெளியே தூக்கிவந்து படியில் வைத்தேன். அங்கேயே நிறுத்தேன், அங்கேயே சரை சுற்றினேன். போகும்போது அவ, "சளிக்கு மிளகு அவிச்சுக் குடியும்," என்று எனக்கும் ஒரு சரை சொன்னா. என் கடையில் எனக்கே ஒருவர் சரக்குச் சொன்னது அதுதான் முதல்.

பிறகு திருப்புளியை எடுத்தேன். பட்டப்பகலில், ஒழுங்கை முழுக்கப் பார்க்க, கண்ணாடிக் கதவைக் கழற்றினேன். ஏசியை நிற்பாட்ட மறந்துபோனேன். அது பாட்டுக்கு ஒழுங்கையைக் குளிராக்கிக்கொண்டிருக்க, மான் வந்து அதற்கு நேரே படுத்துக்கொண்டது. ரீச்சர் சுப்பர்மார்க்கெட் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அவ்வழியாக வந்தார்.

"மறைக்காதேங்கோ ரீச்சர்," என்றேன், ஏணியில் நின்றபடி. "உண்மையைச் சொல்லுங்கோ. குளிருக்கே போனனீங்கள்?"

அவர் பையை முன்னால் கொண்டுவந்தார். "சவுக்காரம் ரெண்டு எடுத்தா ஒண்டு சும்மா," என்றார். "பால்மாவும் விலை குறைவு."

"அப்ப அங்கயே வாங்குங்கோ. நான் இனி அவ்வளவு சவுக்காரம் அடுக்கப்போறதில்லை. மீனுக்கு மட்டும் இஞ்ச வாங்கோ. நிமிந்து வாங்கோ."

ஒரு மட்டையை வெட்டி, கறுப்பு மையால் கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டித் தொங்கவிட்டேன்: மீனோடு வரலாம். மணலோடும் வரலாம்.

மச்சானுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். 'இதைச் சட்டம் போடு' என்று எழுதினேன்.

காற்று மாறிய கிழமை மனைவி சொல்லிவைத்தபடி அளவுநாடாக்காரர் வந்தார். அன்று காலை வாசலில் ஐந்தாறு பேர் மீன் பைகளோடு நின்றார்கள், நிலமெல்லாம் ஈரம். அவர் வழுக்கிவிடாமல் கால் வைத்து வந்து, வழக்கம் போல என்னைத் தாண்டிப் பார்த்து, "அக்கா இருக்கிறாவோ?" என்றார்.

நான் கணவாய் ஒன்றுக்குச் சரை சுற்றிக்கொண்டு நின்றேன். "குடுக்கமாட்டம்!" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் திடுக்கிட்டார்கள். கணவாய்க்காரி, "என்னத்தைக் குடுக்கமாட்டியள்? நான் காசு கொண்டெல்லோ வந்தனான்," என்றாள். கத்திவிட்டு நான் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.  காணி என்னுடையது இல்லையே.

மனைவி வந்து நிலைப்படியில் நின்றாள். ஈர நிலத்தைப் பார்த்தாள். நின்றவர்களைப் பார்த்தாள். கணக்கெடுக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் அதே தலைகளைத்தான் எண்ணினேன்.

"தம்பி," என்றாள், அளவுநாடாக்காரரிடம். "சுவரை அளந்தது காணும். கிணத்தடிக்கு வாங்கோ, கண்ணாடிக் கதவு ஒண்டு சாத்தி வைச்சிருக்கு. அதை அளந்து பாருங்கோ."

அவர் போனார். அளந்தார். பஸ் நிலையத்தடிக் கடைக்கு அது சரியான அளவு. அதோடு சேர்த்து ஏசியையும் கேட்டார்.

சுப்பர்மார்க்கெட் சந்தியில் இருக்கிறது. அரிசி, சவுக்காரம், பால்மா வாங்குகிறவர்கள் அங்கேதான் போகிறார்கள், அவர்களில் ஒருவரும் அதற்காக என்னிடம் திரும்பி வரவில்லை. என் தட்டுகளில் பாதி வெறுமை. மீன் பைகள் காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை வருகின்றன. ஒன்பது பலகைகளில் எட்டைத் திரும்பக் கடைக்குக் கொண்டுவந்தேன். ஏழாம் பலகையில் மனைவி உடுப்புத் தோய்க்கத் தொடங்கியிருந்தாள், தரமாட்டேன் என்றுவிட்டாள். அந்த இடத்தில் தகரம் அடித்திருக்கிறேன். கடை திறந்திருக்கிறது.